லஸ்கரம்மா வீட்டுக் கொல்லை

தங்கமணியின் வேலைக்குக் காகிதத்தில் பாசன உதவியாளர் என்று பெயர். குடவாசல் பக்கத்து அந்த ஊரில் அவள் லஸ்கரம்மா. புருஷன் பார்த்த வேலை, அவர் போனபிறகு கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்தது. வாய்க்கால் மதகின் ஒரு ஷட்டருக்குத்தான் ஆள் எடுத்தார்கள். பக்கத்தில் இரண்டு இடம் காலியானதும் அவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். கருணைக்கு அளவே இல்லை.

தை மாதம். ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு என்று முறை வைத்திருந்தார்கள். ஐந்து நாளாகியும் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அங்கே நீலாம்பாளின் குத்தகை நிலம் நாலு மா. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. இந்த முறை தண்ணீர் தவறினால் அத்தனையும் பதர்தான்.

தங்கமணி வாய்க்கால் கரையிலேயே கால் தேய நடந்தாள். வழியில் வைக்கோல் திணித்து மறித்தவர்களிடம் வாய் வலிக்கச் சண்டை போட்டாள். சாதுவான விவசாயி அஹமது கபீரின் மீதுகூட எரிந்து விழுந்தாள்; பாவம், அவர் மடை ஒழுங்காகத்தான் மூடியிருந்தது. தன் வீடு வரும்போது மட்டும் கரையை விட்டு இறங்கி, வாசல் வழியாகப் போய், ரெண்டு வாய் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு, வீட்டைத் தாண்டி மறுபடி கரையேறுவாள். கொல்லையை ஒட்டிய அந்த நூறடியைத்தான் அவள் நடக்கவில்லை. முழங்கால் அப்படி வலித்தது.

ஆறாம் நாள் மத்தியானம் சோறு இறங்கவில்லை. கால் கழுவலாம் என்று கொல்லைக்குப் போனாள். வாய்க்காலில் ஒரு பக்கம் தண்ணீர் கரை தட்டி நின்றது, மறுபக்கம் சேறு தெரிந்தது. நடுவில் ஆகாயத்தாமரை. விலக்கிப் பார்த்தால் கீழே மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்குகள். பக்கத்தில், மகன் பிரபு துபாயிலிருந்து வந்து குத்தகைக்கு எடுத்த வயல் முழங்கால் தண்ணீரில் மினுமினுத்தது.

"லஸ்கர் வீட்டுக் கொல்லையில எவம்மா வந்து பாக்கப்போறான்?" என்றான் பிரபு, ஒளிக்காமலே.

அவளுக்கு அடிக்கக் கை எழவில்லை. அத்தனை அசதி. இறங்கிச் சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். தண்ணீர் ஓடத்தான் செய்தது. ஆனால் கடைமடைக்கு ஆறு கிலோமீட்டர். மாலை நாலு மணிக்கே ஷட்டரை இறக்கச் சொல்லி அதிகாரியின் வாட்ஸ்அப் உத்தரவு வந்துவிட்டது. இறக்கினாள். இனி முறை அடுத்த ஊருக்கு; அவர்களும் அந்தத் தண்ணீருக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

பிறகு மண்வெட்டியோடு நேரே மகனின் வயலுக்குப் போனாள். வாய்க்காலில் மட்டம் இறங்கியிருந்தது. மடையை வெட்டிவிட்டதும் வயலில் நின்ற தண்ணீர் திரும்பி வாய்க்காலில் விழுந்தது.

"நம்ம பயிரும்மா," என்றான் பிரபு.

"வேருக்கு நிக்கிற அளவு விட்டுட்டுதான் வெட்டியிருக்கேன். தள்ளு."

தண்ணீர் ஏன் வரவில்லை என்று பார்க்க, கரையோடே நடந்து வந்த நீலாம்பாள் அங்கே வந்து நின்றாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"இது வந்து சேருமா லஸ்கரம்மா?"

"பாதி வயலாவது நனையும்."

"புண்ணியமாப் போகும். ஆறு நாளா நாய் படாத பாடு பட்டீங்க. எந்தப் பாவி அடச்சிருந்தான்?"

சொல்லாமல் விட்டுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தப் புண்ணியத்தைத் தங்கமணியால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"எங்க வீட்லதான் நீலா. பிரபு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

நீலாம்பாள் கரையில் கிடந்த சாக்குகளைப் பார்த்தாள், பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தாள்.

"எல்லார் கொல்லையும் பாத்தீங்களே," என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீரோடு கீழே நடந்தாள்.