பல் டாக்டர் சுவரில் ஒரு பச்சைப் பல்

பாசிக்காரம்மா என்று சொன்னால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்ட புதிதில் கொஞ்சம் வம்பாகத்தான் இருந்தது. பாசிமணி விற்கிறவள் என்று நினைத்து, கழுத்துக்குச் சிவப்பு இருக்கிறதா, நீலம் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. கதவைத் திறந்ததும் திகைத்து நிற்பார்கள். நீண்ட மேசை முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பச்சை. பாறையிலும் மரத்திலும் படர்கிற அதே பாசிதான். அதைக் கிளிசரினில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். பலகையில் நெருக்கமாக ஒட்டி, அலுவலகங்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் ஒரு முழுச் சுவரையே காட்டுத்தரை போல ஆக்கிவிட்டு வருவது அவள் தொழில்.

"இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்காதவர்கள் குறைவு.

"இல்லைங்க. ஆனா செத்துப்போனது அதுக்கே இன்னும் தெரியாது," என்பாள்.

அதற்குத் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வக்கீல் பாசம் பொங்கி, தினமும் காலையில் தன் பாசிச் சுவருக்குத் தண்ணீர் தெளித்தார். சாயம் வடிந்து, கீழே விரித்திருந்த வெள்ளைக் கம்பளம் பச்சைக் கம்பளமானது. அந்தக் கதையை அவள் சொல்லும்போது கேட்பவர்களுக்கு முன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் ஓர் அழகு நிலையத்தில் தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நரையைக் கறுப்பாக்கிய கை. ஒரு நாள் அந்தக் கையே சிவந்து தடித்து அரிக்க ஆரம்பித்தது. சாயக் குப்பியைத் தொடவே கூடாது என்று தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை போய் வீட்டில் இருந்த நாட்களில், ஏதோ வேலையாகப் போன ஓர் அலுவலகத்தில் பாசிச் சுவரைப் பார்த்தாள். பக்கத்திலேயே 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. தொட்டாள். மெத்தென்று விரலுக்குள் அமுங்கித் திரும்ப எழுந்தது. மூக்கை வைத்து மோந்தாள். இதுவும் டை அடித்த முடிதானே என்று தோன்றியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சின்னப் பெட்டிப் பாசி வாங்கி, அதைப் பாழாக்கி, இன்னொன்று வாங்கி, அப்படித்தான் கற்றுக்கொண்டாள். இந்தச் சாயத்தில் அவள் கை தடிக்கவில்லை.

பட்டறை என்று சொல்வது ஓர் அறையை. அதில் பாதி அவளுக்கு, பாதி அவள் நாத்தனாருக்கு. நாத்தனார் திரைச்சீலை தைப்பவள். நடுவில் சுவர் கிடையாது, வாய்ச்சண்டைதான்.

"அண்ணி, உங்க பாசித் தூள் என் வெள்ளைத் துணி முழுக்க."

"உன் பஞ்சு மட்டும் என் பாசியில இல்லையாக்கும்?"

ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே எதிரி, வெயில். நாத்தனாரின் திரைகளையும் அது வெளுக்கும், பாசியின் சாயத்தையும் அது உறிஞ்சும். ஜன்னல் கண்ணாடி தடுக்கும் என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். விளக்கு வெளிச்சம் பெரிய தொந்தரவில்லை, சூடான விளக்கைக் கிட்டத்தில் வைக்காமல் இருந்தால் போதும். வெயில் அப்படியில்லை. நேராக விழுந்தால் பச்சை முதலில் மங்கும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் வைக்கோல். அதனால் யார் கூப்பிட்டாலும் அவள் முதலில் போய் அந்த அறையில் காலையும் மாலையும் நின்று பார்ப்பாள். வெயில் படுகிற சுவர் என்றால் வேலையை எடுக்கவே மாட்டாள். ஊர் நூலகத்தின் குழந்தைகள் அறைக்குப் பாசிச் சுவர் வேண்டும் என்று நூலகர் பலமுறை கேட்டும் மறுத்துவிட்டாள். அந்த அறையில் தரையிலிருந்து கூரைவரை ஜன்னல். "சூரியன்கிட்ட சம்மதம் வாங்கிட்டு வாங்க சார், அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள்.

இவ்வளவு கறாராக இருந்தவளுக்கு ஒரு நாள் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. அந்த டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஒரு மலைச்சரிவு மாதிரி பாசிச் சுவர் செய்து கொடுத்திருந்தாள். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத அறை.

"உங்க சுவருக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கும்மா. வந்து பாருங்க."

அவள் போனை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் மெஷினை நிறுத்தாமலேயே, "என்ன அண்ணி, உங்க சாயம் வெளுத்துப்போச்சா?" என்றாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

டாக்டர் சொன்னது சரிதான். சரிவின் நடுவில், கோணலாக ஒரு பெரிய மஞ்சள் திட்டு. அவள் தொட்டுப் பார்த்தாள். பாசி உதிரவில்லை, மெத்தென்றுதான் இருந்தது. சாயம் மட்டும்தான் போயிருந்தது. வெயிலின் வேலை. ஆனால் எந்த வெயில்? ஜன்னல் பார்த்த திசையில் சூரியன் வருவதே இல்லை.

"இங்க வெயில் வந்து நான் பாத்ததே இல்ல," என்றாள் டாக்டர். "மத்தியானம் நான் உள்ள யார் வாயிலயாவது குனிஞ்சிருப்பேன். அப்ப வந்தா எனக்குத் தெரியாது."

"இருந்து பாக்கட்டுமா டாக்டர்?"

"இருங்க. அப்படியே பல்லையும் காட்டிட்டுப் போங்க."

இருவரும் நோயாளிகளோடு நோயாளிகளாக உட்கார்ந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இவர்களைப் பார்த்து, எந்தப் பல் என்று சைகையில் கேட்டார். நாத்தனார் சுவரைக் காட்டினாள். அவர் ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியதும் அது நடந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழுந்திருந்த அலுவலகக் கட்டடம், உடம்பு முழுக்கக் கண்ணாடி. அதில் ஒரு மூலை பளிச்சென்று தீப்பிடித்த மாதிரி மின்னியது. அடுத்த நொடி ஜன்னல் வழியாக ஒரு வெளிச்சப் பாளம் அறைக்குள் பாய்ந்து, அளவெடுத்த மாதிரி அந்த மஞ்சள் திட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

"எதிர்க் கட்டடத்துலேருந்து வருது அண்ணி, வெயில்."

அண்ணி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் தெருவைப் பார்க்க ஒரு பெரிய பல் படம் ஒட்டியிருந்தது. அதன் நிழல் வெளிச்சத்தின் நடுவில் விழுந்திருந்தது. நிழல் விழுந்த இடத்தில் பாசி இன்னும் பச்சை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்த சந்து வழியாகத்தான் சூரியன் அந்தக் கண்ணாடியை எட்டியது என்பதால் வெளிச்சம் கொஞ்ச நேரமே நின்றது, அதிகம் நகரவுமில்லை. வெளிச்சம் போன பிறகும் அவள் அங்கேயே கண்ணை வைத்திருந்தாள். மஞ்சளுக்கு நடுவே, ஓரம் சற்றுக் கலைந்து, இரண்டு வேரோடு ஒரு பச்சைப் பல் நின்றது.

நாத்தனாரின் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது.

"பாரு, பாரு. வெயில் படம் போட்டிருக்குடி."

சிரித்துச் சிரித்து டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "அழகாத்தான் இருக்கு. ஆனா பல் டாக்டர்கிட்ட வர்றவங்க பச்சைப் பல்லைப் பாத்தா திரும்பி ஓடிருவாங்கம்மா. கழட்டிருங்க." கண்ணாடிக்கு வெயிலை மட்டுப்படுத்தும் படலம் ஒட்டி, நாத்தனார் அளந்து தைத்த மெல்லிய திரையையும் மாட்டி, சுவருக்குப் புதுப் பாசி வைத்துக் கொடுத்தார்கள். பழைய பலகையை அவள் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் சமையல் ருசிக்கு உத்தரவாதம் இல்லாமல் போனது. இத்தனை வருஷம் வெயிலை விரட்டினவள் இப்போது வெயிலைத் துரத்திக்கொண்டு அலைந்தாள். நாத்தனாரின் கழிவுத் துணி மூட்டையைக் கவிழ்த்து, வெளிச்சமே புகாத கறுப்புத் திரைத்துணியை இலையாகவும் மீனாகவும் வெட்டினாள். பாசிமேல் குத்தி, மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது பாசி காய்ந்து தென்னந்துடைப்பம் மாதிரி விறைத்திருந்தது. விரல் பட்டதும் மீன் பொடிப்பொடியானது.

"மீன் வறுவல் ஆயிருச்சு," என்றாள் நாத்தனார்.

சூடு வேறு, வெளிச்சம் வேறு என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அடுத்த பலகையை வீட்டுக்குள், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாள். பக்கத்தில் அகலமான தட்டில் தண்ணீர் வைத்து, காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டாள். துணியைத் தள்ளி வைத்தால் நிழல் நகர்ந்து படம் கலைகிறது. பாசியோடு ஒட்டி வைத்தால் ஓரம் கத்தியால் வெட்டினது போல நிற்கிறது. சில பச்சைகள் அழகாகப் பொன்னிறத்துக்கு இறங்கின. நீலம் கலந்த பச்சை அழுக்குச் சாம்பலாகிக் காலை வாரியது. ஒவ்வொரு தலையிலும் சாயம் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும் என்பது அவளுக்குப் பழைய பாடம்தான். பொன்னிறமாகும் பச்சையை மட்டும் பொறுக்கி எடுத்தாள். ஒரு காலையில் துணியைப் பிரித்ததும், பொன்னிறத் தரையில் பச்சை இலை ஒன்று நரம்போடு கிடந்தது. அவள் இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். மாவரைக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நேராக நூலகத்துக்குப் போனாள்.

"சார், சூரியன் சம்மதிச்சிருச்சு."

நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஒரே பச்சையில் பாசி வைப்பேன். அதன்மேல் துணியில் வெட்டிய பறவைகளைக் குத்திவைப்பேன். அப்புறம் ஒரே நாளில் எல்லாத் துணியையும் எடுக்கமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பேன். முதலில் எடுத்த பறவை அதிக வெயில் பட்டு மங்கிப்போகும், தூரத்தில் பறக்கிற மாதிரி. கடைசியில் எடுப்பது அடர்பச்சையாக, கண்ணுக்குக் கிட்டத்தில்.

"சரியா வரலைன்னா?"

"வரலைன்னா சுவரை நானே கழட்டி எடுத்துட்டுப் போறேன். ஆனா வரும் சார்."

வெயில் காலத் தொடக்கத்தில் சுவர் எழுந்தது. குழந்தைகள் தொடாமலிருக்க முன்னால் ஒரு கயிறு கட்டினார்கள். கறுப்புத் துணிப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்த பச்சைச் சுவரைப் பார்த்து, இது என்ன காக்காய்களா என்று கேட்டவர்களிடம் "பொறுங்க" என்பதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவளாலேயே பொறுக்க முடியவில்லை. பேருந்து பிடித்துப் போய் ஒரு துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள், வித்தியாசம் தெரிகிறதா என்று.

"திறந்து திறந்து பாத்தா சோறு வெந்துருமா அண்ணி?" என்று நாத்தனார் அதட்டுவாள். அதட்டிவிட்டு அவளும் எட்டிப் பார்ப்பாள்.

நடுவில் வானம் மூடிக்கொண்டது. நாள்கணக்கில் மேகம். சுவர் அசையாமல் அதே பச்சையில் நின்றது. வெயில் வேண்டும் என்று அவள் வானத்தைப் பார்த்து முணுமுணுத்ததைக் கேட்டு நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மேகம் விலகி வெயில் கொளுத்தியது. சுவர் மெல்லப் பொன்னாக ஆரம்பித்தது. மூலையில் இருந்த சின்னப் பறவைகளின் துணியை முதலில் எடுத்தாள். பிறகு அவற்றுக்குப் பக்கத்துப் பறவைகள். ஒவ்வொரு முறையும் குழந்தைகள் கயிற்றை முட்டிக்கொண்டு நின்றார்கள். புத்தகம் எடுக்க வராத குழந்தைகள்கூடச் சுவரைப் பார்க்க வந்து, வந்ததற்கு ஒரு புத்தகத்தோடு போனதாக நூலகர் பூரித்துப்போனார்.

கடைசித் துணிகளை எடுக்கும் நாளன்று பல் டாக்டரும் கிளினிக்கை மூடிவிட்டு வந்திருந்தாள். பாசிக்காரம்மா ஏணியில் ஏறினாள். முதல் ஊசி சட்டென்று கழலவில்லை. கழன்று துணி விழுந்ததும், அடர்பச்சையில் ஒரு பெரிய பறவை இறக்கையை விரித்துக்கொண்டு பொன்னிறத்திலிருந்து வெளியே வந்தது. பின்னால் யாரோ "அட" என்றார்கள். அவள் வேகவேகமாக எடுத்தாள். இன்னொன்று. இன்னொன்று. தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னப் புள்ளிகள், நடுவில் வெளிர்பச்சை, முன்னால் கரும்பச்சை என்று ஒரு கூட்டமே அறைக்குள் பறந்து வந்தது.

ஒரே ஒரு பறவையில் மட்டும் அவள் கை நின்றது. எப்போதோ ஓர் ஊசி கழன்று துணி சற்றுத் திரும்பியிருக்கிறது. அதற்கு இரண்டு தலை. ஒன்று அடர்த்தி, ஒன்று மங்கல். அவள் முகம் சுருங்கியது.

"அது திரும்பிப் பாக்குது," என்றாள் கயிற்றோரம் நின்ற ஒரு குட்டிப்பெண். "அதோட தங்கச்சி வருதான்னு பாக்குது."

எல்லோரும் அந்தப் பறவையைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். ஏணியின் மேலே நின்றுகொண்டு பாசிக்காரம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று டாக்டருக்குப் புரியவில்லை. இரண்டும்தான்.

இனி வெயில் பட்டால் பறவைகளும் வெளுத்துவிடும். ஜன்னலுக்குப் படலம் ஒட்டி, நாத்தனார் தைத்த நீண்ட திரையை அன்றைக்கே மாட்டினார்கள். அப்படியும் என்றைக்காவது மங்கத்தான் செய்யும் என்று அவள் நூலகரிடம் ஒளிக்காமல் சொன்னாள். "அப்ப மறுபடி வருவீங்க இல்ல?" என்றார் அவர். "கூப்பிடுறதுக்கு முன்னாடியே வருவேன் சார்."

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் நாத்தனார் கண்ணை மூடினாள். அண்ணி அவள் தோளை உலுக்கினாள்.

"ஏய், சிவப்புப் பாசி வெயில்ல என்ன நிறமா ஆகும்னு நினைக்கிற?"

"அண்ணி, என்னைத் தூங்க விடுங்க."

"ரோஸ் ஆகுமா, இல்ல நேரா வெள்ளைதானா?"

மறுநாள் காலை நாத்தனார் பட்டறைக்கு வந்தபோது, அவளுடைய தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலடியில் சிவப்புப் பாசிப் பலகை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.