ஓரத்தில் கொஞ்சம் சாக்லேட் ரைஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி ஆர்டர்கள் எல்லாம் முடிந்து, அப்பாடா என்று நான் காலை நீட்டி உட்கார்ந்த வாரத்தில் நடந்தது இது. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஏர்கான் போட்டு, கேக் செய்யும் இடமாக மாற்றி வைத்திருக்கிறேன். கல்யாணமோ காதுகுத்தோ, எங்கள் வட்டாரத்தில் என் கேக்தான் போகும். கொஞ்சம் திமிராகவே சொல்கிறேன், என் கேக்கின் ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாலும் கோணல் தெரியாது. கிரீம் அவ்வளவு வழவழப்பாக இருக்கும்.

அன்றைக்கு ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறவர். என்னிடம் எப்போதும் கேக் வாங்கும் ஒரு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை, கைப்பேசியை நீட்டினார்.

"இது மாதிரி ஒரு கேக் வேணும் தங்கச்சி. அச்சு அசலா இதே மாதிரி."

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது கேக். கிரீம் வழிந்து அடியில் தேங்கியிருக்கிறது. அதோடு கேக் துணுக்குகளும் கலந்து, கத்தியை இழுத்த தடம் வேறு. ஓர் ஓரத்தில் மட்டும், சம்பந்தமே இல்லாமல், சாக்லேட் ரைஸை, அதுதான் அரிசி அரிசியாக மேலே தூவுவோமே அதை, அள்ளி அப்பியிருந்தது. இந்த லட்சணத்தில் ஒன்றைச் செய்யவா என்னைத் தேடி வந்தார் என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

"இதவிட நல்லா செஞ்சு தரேன்ணே. டிசைன் காட்டவா?"

"வேணாம்மா. அழகா இருந்தா என் மக தொடமாட்டா."

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். படத்தில் இருந்தது அவர் மனைவி செய்த கேக். மகள் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் வீட்டிலேயே செய்வாராம். அந்த வருடத் தொடக்கத்தில் நோயில் தவறிவிட்டார். மகள் ஐந்தாம் படிவம், அதாவது இடைநிலைப் பள்ளியின் கடைசி வருடம், படிக்கிறாள். அம்மா போனதிலிருந்து அந்தப் பெண் அழவும் இல்லை, அப்பாவோடு சண்டை போடவும் இல்லை. எதைக் கேட்டாலும் 'சரிப்பா' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

"ஒரு தடவ ஆசையா கடையில கேக் வாங்கிட்டுப் போனேன். தேங்க்ஸ்பான்னு சொல்லி பிரிட்ஜ்ல வெச்சா. அப்படியே கெட்டுப்போச்சு. அழுதாகூட பரவால்லலா தங்கச்சி. வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம், ஆனா இல்லாத மாதிரி இருக்கு."

அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அது வரவில்லை. ஒத்திகைக்கு ஒன்று செய்து, வேண்டுமென்றே சாய்த்து வைத்து, கத்தியால் இங்கும் அங்கும் கீறிப் பார்த்தேன். குடிக்காதவன் குடிகாரனாக நடித்தது போல இருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னது, கீழ போட்டுட்டியா?" என்று கேட்டார். ஆத்திரத்தோடு அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

பழைய படங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லி அவரிடம் கேட்டேன். மகள் சின்னப் பிள்ளையாக, பல் விழுந்து சிரிக்கிற காலத்திலிருந்து எடுத்ததையெல்லாம் அனுப்பினார். ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. எல்லா வருடமும் கிரீம் ஒரே மாதிரி, உள்ளேயிருந்து உருகித்தான் வழிந்திருந்தது. ஐயோ, இந்த அம்மா கேக் ஆறுவதற்கு முன்பே கிரீமைப் பூசியிருக்கிறார்! எங்கள் தொழிலில் முதல் பாடமே, கேக் நன்றாக ஆறிய பிறகுதான் கிரீமைத் தொட வேண்டும் என்பது. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"ஆமா தங்கச்சி, எங்க ஆற விடுறா! நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு, எழுந்திரிச்சு ஓவன்ல வெப்பா. புள்ள ஸ்கூல் விட்டு பஸ்ல வர்றதுக்குள்ள முடிச்சாகணும். சுடச்சுட அப்புவா."

அந்த அம்மாவுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. நேரம்தான் இல்லை. 'இந்த லட்சணத்திலா' என்று மனதில் நினைத்ததை அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லாமல் போனேனே, நல்லவேளை.

என் கை அந்தக் கேக்குக்கு ஆகாது என்று புரிந்துவிட்டது. பிறந்தநாளன்று மத்தியானம் அவரையே வரச் சொன்னேன். "கேக்க நான் சுட்டுத் தரேன், கிரீம நீங்களே பூசுங்கண்ணே" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். கிரீம் இளகட்டும் என்று ஏர்கானை நிறுத்தினேன். சுழலும் தட்டையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, சாதாரண வெண்ணெய்க் கத்தி ஒன்றைக் கொடுத்தேன். ஓவனிலிருந்து இறக்கிய கேக்கை ஆவியோடு அவர் முன்னால் வைத்தேன்.

லோரி ஸ்டியரிங் பிடித்த கைக்குக் கத்தியைப் பிடிக்கத் தெரியவில்லை. கிரீம் வழுக்கியது, துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. வழிந்ததை வழித்து வழித்து மேலே ஏற்றினார். முடித்தபோது, படத்தில் இருந்த அதே கேக் என் மேசையில் சாய்ந்து நின்றது.

நான் சாக்லேட் ரைஸ் டப்பாவைத் திறந்து, "இத எந்தப் பக்கம்ணே ஒட்டணும்?" என்று கேட்டேன்.

கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஆள்காட்டி விரலால் ஓரத்துக் கிரீமை ஒரு இழுப்பு இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். அந்த இடம் பள்ளமாகிவிட்டது.

"வருசா வருசம் நான் இப்படித்தான் நோண்டிருவேன். கரண்டியாலேயே கையில ஒன்னு போடுவா. திட்டிக்கிட்டே அந்தப் பள்ளத்துல இத வெச்சு அடைப்பா."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டார். குழாய்ப் பக்கம் திரும்பி நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். எனக்கும் கண் மறைத்தது. டப்பாவை அவரிடம் நீட்டினேன். தலையை ஆட்டி, "அது அவ வேலைம்மா, நீ வை" என்றார். நான்தான் வைத்தேன். எத்தனையோ கல்யாண கேக்குகளுக்குப் பூ வைத்த கையால், அந்தப் பள்ளம் மூடும்வரை ஒரு பிடி சாக்லேட் ரைஸை அழுத்தி ஒட்டினேன்.

அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அவர் குரல் பதிவு வந்தது. அழுகையும் சிரிப்புமாக இருந்ததில் பாதி புரியவில்லை. மகள் பெட்டியைத் திறந்து, கேக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். தட்டை மெல்லச் சுற்றி, சாக்லேட் ரைஸ் இருக்கும் பக்கத்தைத் தேடிப் பிடித்தாளாம். "இந்த வருசமும் நோண்டிட்டீங்களாப்பா? உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா?" என்று கரண்டியால் அவர் கையில் ஒன்று போட்டுவிட்டு, அதே கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று கத்தி அழுதாளாம். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

"திட்டிட்டா தங்கச்சி," என்று அந்தப் பதிவின் கடைசியில் அவர் சொன்னார். "என் புள்ள என்னைய திட்டிட்டா."

இன்றைக்கும் ஆர்டர் கேக்குகளுக்கு நான் ஸ்கேல் பிடித்தாற்போலத்தான் கிரீம் பூசுகிறேன், அது என் பிழைப்பு. ஆனால் என் பிள்ளைகளின் பிறந்தநாள் வந்தால் ஏர்கானை நிறுத்திவிட்டு, சூடு ஆறுவதற்கு முன்பே பூசிவிடுகிறேன். நான் இல்லாத ஒரு நாளில் அவர்கள் என்னைத் தேடினால், வழவழவென்று இருக்கும் அந்தக் கல்யாண கேக்குகளில் எங்கே போய்க் கண்டுபிடிப்பார்கள்?