மலர் வாங்கிய உத்தரவு

இன்று காலை பக்கத்து வீட்டு மலரோடு எங்கள் சிலிபின் வட்டாரத்து மளிகைக் கடைக்குப் போனேன். தன் கணவர் அடித்ததற்குப் புகார் கொடுத்து, அவர் நெருங்கக் கூடாதென்று போன வாரம்தான் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறாள்.

வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் கணவர் உள்ளே வந்துவிட்டார்.

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

மலர் அவரை நேராகப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை. "கிட்ட வராதீங்க. கோர்ட்டு ஆர்டர் இருக்கு."

நான் போலீசுக்கு போன் போட்டேன். அதைப் பார்த்ததும் வெளியே ஓடி மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் மூச்சு விடுவதற்குள் கல்லாவில் இருந்த அக்கா ஆரம்பித்தார். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு கோர்ட்டு எதுக்குலா? கொஞ்சம் பொறுத்துப் போலாம்ல?"

"பொறுத்தேன்கா. இப்ப இந்தக் காது கேக்கல," என்றாள் மலர், இடது பக்கம் கையை வைத்து.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு வெங்காயத்தை நிறுத்தார்.

அங்கிருந்து நேராக போலீஸ் பாலாய்க்குப் போய், அவர் உத்தரவை மீறியதற்கு ரிப்போர்ட் செய்துவிட்டு இப்போதுதான் வந்தோம்.

கணவர் தள்ளி நிற்க கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. பொறுத்துப் போகச் சொல்கிறவர்கள் தள்ளி நிற்க எங்கே மனு போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்லா.