கணுக்காலில் வெள்ளை ரிப்

தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். தொண்ணூறுகளில் திருப்பூரை ஒட்டிய நல்லூரிலிருந்து காங்கேயம் போகிற ரோட்டில், கம்பெனி விட்டு சைக்கிளில் ஊர் திரும்பும் பெண்களின் கணுக்காலில் வெள்ளையாக ஒரு பட்டை இருக்கும். இரண்டு காலிலும். இருட்டில் லாரி வெளிச்சம் பட்டால் ஆள் தெரிவதற்கு முன்னால் அந்தப் பட்டைதான் தெரியும், ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அதை முதன்முதலில் தைத்தவள் நான். வெளிநாட்டுக்குப் போகிற சட்டை எத்தனையோ ஆயிரம் ஓட்டியிருக்கிறேன், ஒன்றிலும் என் பேர் கிடையாது. இதிலும் கிடையாதுதான். ஆனாலும் இது என்னுடையது.

நான் கல்யாணமாகி வந்த ஊர், காங்கேயம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. வேலை நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில். கைமடியாகச் சேர்ந்தேன். தையல்காரர் மிஷினில் உட்கார்ந்திருப்பார், கைமடி பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுக்கவேண்டும், தைத்ததை மடித்து அடுக்கவேண்டும். எங்கள் கம்பெனியில் அப்போது மிஷினில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆண்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாத மிஷினில் வேஸ்ட் துணியைப் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஊசியை உடைத்துத் திட்டு வாங்குவேன். மறுநாளும் போய் உட்காருவேன். அப்படியே பழகி, கடைசியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் எனக்கென்று ஒரு ஸ்டூல் பிடித்தேன். அதில் முதல் நாள் உட்கார்ந்தபோது என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

கம்பெனி வேன் எங்கள் பக்கம் வராது. காலையில் டவுன் பஸ் ஆட்களைப் பிதுக்கிக்கொண்டு நிற்காமலே போய்விடும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு மேல் வெளியே வந்தால் அந்தப் பஸ்ஸும் இருக்காது. அதனால் சைக்கிள். சைக்கிள் இல்லையென்றால் மிஷின் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக ஐந்து பெண்கள், ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவோம்.

என் மாமனார் லாரி டிரைவர். காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில் வண்டியை ஓட்டினார். தேங்காயெண்ணெய் டின்களைத் திருப்பூரில் இறக்கிவிட்டு, காலி டின்களை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் இரவு திரும்புவார். காலி டின் ஏற்றிய லாரி போடுகிற சத்தம் இருக்கிறதே, தூங்குகிற ஊரே எழுந்து உட்கார்ந்துவிடும். பின்னால் கடகடவென்று கேட்டதுமே, எங்களோடு வரும் செக்கிங்கில் வேலை பார்க்கிற அக்கா, "உன்ற மாமனாரு மேளதாளத்தோட வர்றாருடி, எறங்குங்கடி எல்லாரும்" என்பாள். நாங்களும் சிரித்துக்கொண்டே தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நிற்போம். லாரி போனபின் ஏறுவோம். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து அவர் வந்தார். தண்ணீர்ச் சொம்பை வாங்கியவர் குடிக்காமல் கையில் பிடித்தபடியே சொன்னார். எதிரே வந்த பஸ் விளக்கைத் தாழ்த்தாமல் வந்திருக்கிறது. இவருக்குக் கண் கூசி, பஸ் தாண்டியதும் பார்த்தால் பம்பருக்கு முன்னால் ஒரு சைக்கிள். ஒரு பெண். பிரேக்கின்மேல் ஏறி நின்றிருக்கிறார். டின்கள் சரிந்து ரோடெல்லாம் உருண்டிருக்கின்றன. அந்தப் பெண் பயத்தில் மண்ணில் விழுந்து, எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு அழுதபடியே போய்விட்டாளாம். அடி எதுவும் இல்லை.

"கருநீலச் சேலை அம்மிணி. உன்றது மாதிரியே இருந்துச்சு. நீதான்னு நெனச்சுத்தான் வண்டியை உட்டு எறங்குனேன்" என்றார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நாளையிலிருந்து சைக்கிள் வேண்டாம். வித்துப்போடலாம்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மாமனார் என்ற மரியாதையில் 'ங்க' மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத் தெரியலைன்னா அது என்ற தப்புங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"யாரு தப்புங்கறதை அப்புறம் பேசிக்கலாம் அம்மிணி. எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்குது. பாக்கறதுக்கு அங்க ஏதாச்சும் இருக்கோணுமில்ல? உன்ற டைனமோ லைட்டு முன்னாடி எரியுது. நான் பின்னாடி வர்றேன்."

"மட்கார்டுல செகப்புக் கண்ணாடி இருக்குதுங்களே."

"அது உன்ற தூக்குப்போசிப் பைக்குள்ள ஒளிஞ்சு கெடக்குது."

உண்மைதான். கேரியரில் தொங்கும் சாப்பாட்டுப் பை அதை மூடித்தான் இருந்தது. பையை ஹேண்டில்பாரில் மாட்டுகிறேன், கண்ணாடியைத் துடைக்கிறேன் என்றேன். வெளுத்துப்போன அந்தக் கண்ணாடி தூரத்திலிருந்து புளியங்கொட்டை அளவுகூடத் தெரியாது என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறை வேலை முடித்து வந்து பக்கத்தில் நின்றிருந்தார். அப்பா பேசியதற்கும் தலையாட்டினார், நான் பேசியதற்கும் தலையாட்டினார்.

நான் ஒரு வாரம் கேட்டேன். "இந்த வாரத்துக்குள்ள நீங்க வர்றப்போ நான் நம்மூருக்கு முன்னாடி இருக்கற பாலத்தைத் தாண்டி ரோட்டு ஓரத்துல போய்ட்டு இருப்பனுங்க. மண்ணுல எறங்க மாட்டேன். நீங்க பாலத்துக்கிட்ட வர்றப்பவே நான் தெரிஞ்சா சைக்கிள் இருக்கட்டும். தெரியலைன்னா நானே வித்துப்போடறனுங்க." அவர் யோசித்தார். பிறகு, சரி என்றார். வாய் ஜம்பத்தில் கேட்டுவிட்டேனே தவிர, அன்று படுத்தபோது அந்த ஸ்டூல்தான் கண்ணில் நின்றது.

அப்போது எங்கள் கம்பெனியில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைப் பறிக்கிற பச்சை. ரேடியம் பச்சை என்போம். பகலில் அந்தத் துணிக் கட்டைப் பிரித்தால் டேபிளே பளிச்சென்று ஆகிவிடும். இதைவிட வேறென்ன வேண்டும்? பழுதென்று ஒதுக்கிய பீஸ்களைக் கேட்டு வாங்கி, சேலைக்கு மேல் மாட்டுகிற மாதிரி கையில்லாத சட்டை ஒன்று தைத்தேன். காலையில் அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போனால், டீக்கடையில் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று இரவு டின் சத்தம் பின்னால் கேட்டது. மற்ற நான்கு பேரையும் மண்ணில் இறங்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் ரோட்டு ஓரத்திலேயே மிதித்தேன். சத்தம் பாலத்தைத் தாண்டியது. குறையும் குறையும் என்று பார்க்கிறேன், குறையவே இல்லை. அதே வேகத்தில் லாரி என்னைக் கடந்து போனது. அதன் காற்று என்னைச் சைக்கிளோடு மண்ணில் தள்ளியது. "மாமா!" என்று கத்தினேன். டின் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

வீட்டில் நான் நுழைந்ததும் அவர் கேட்டார்: "இன்னைக்கு லீவா அம்மிணி? ரோட்டுல காணமே?"

பச்சைச் சட்டையோடு அவர் முன்னால் போய் நின்றேன். டார்ச் லைட்டை எடுத்து வாசல் இருட்டில் என்மேல் அடித்துப் பார்த்தார். பகலெல்லாம் அந்த ஆட்டம் ஆடிய பச்சை, டார்ச் வெளிச்சத்தில் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. பகல் வெளிச்சம் இருக்கிறவரைதான் அதன் ஜம்பமெல்லாம். அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். நான் எங்கே இருந்தேன், அவர் எங்கே இருந்தார் என்பது இருவருக்குமே அப்போதுதான் உறைத்தது. சைக்கிள் பேச்சை எடுக்கப்போகிறார் என்று தெரிந்து நான் முந்திக்கொண்டேன். "வாரம் இன்னும் முடியலைங்க மாமா."

நடுவில் இரண்டு மூன்று நாள் அவரை ஈரோட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு நாள் வீடு திரும்பும் வழியில் என் சைக்கிள் பஞ்சர். பஞ்சர் கடை ரோட்டிலேயே இருந்ததால், மற்றவர்களை மெதுவாக முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் நின்றேன். போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் அவர்களோடு போயிருக்கிறேனே தவிர, அவர்கள் போவதைப் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. கடை வெளிச்சத்தைத் தாண்டியதும் நான்கு சேலைகளும் இருட்டோடு இருட்டாகிவிட்டன. மாமனார் பார்ப்பது இதைத்தானா என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பஸ் அவர்கள் பின்னால் போனது. அதன் வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று மேலும் கீழும் போய் வந்தது. ஒன்றே ஒன்று. எவ்வளவு தூரம் போயும் அது மறையவில்லை. என்னவென்று யோசித்தேன், பிடிபட்டது. அன்று காலை செக்கிங் அக்காவின் கணுக்காலில் சைக்கிள் செயின் உரசிவிட்டது. காயத்தின்மேல் வெள்ளை பனியன் வேஸ்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அந்தக் கட்டுதான் அது.

ரோட்டோரத்தில் வெள்ளைக்கா பஞ்சம்? மைல்கல் வெள்ளை, புளியமரத்தில் அடித்த சுண்ணாம்பு வெள்ளை. டிரைவர்கள் அதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். ஆனால் அவை எல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறவை. கணுக்காலில் இருக்கிற வெள்ளை ஏறி இறங்கும். மைல்கல் ஏறி இறங்காது, மரம் ஏறி இறங்காது, ஆள்தான் ஏறி இறங்குவாள். பஞ்சர் கடையில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் கட்டிங் மாஸ்டரிடம் போய் ரிப் வேஸ்ட் கேட்டேன். ரிப் என்பது சட்டைக் கழுத்துக்கும் கைமுனைக்கும் வைக்கிற துணி. இழுத்தால் விரியும், விட்டால் வந்து கவ்விக்கொள்ளும். "எதுக்கும்மா?" என்றார். "காலுக்குங்க" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார், ஆனால் கொடுத்தார். நன்றாக வெளுத்த வெள்ளையாகப் பொறுக்கி எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் இரட்டை மடிப்பாக வளையம் வளையமாக ஓட்டினேன். வளையல் போடுவதுபோல் பாதத்தில் நுழைத்து ஏற்றினால் கணுக்காலில் கச்சிதமாக நின்றது. சேலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதால், செயின் சேலையைத் தின்பதும் அன்றோடு நின்றது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஐந்து பேருக்கும் தைத்தேன். "காங்கேயம் காளைக்குச் சலங்கை கட்டறாப்பல எங்களுக்கும் கட்டி உடறயாடி?" என்று செக்கிங் அக்கா கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே காலை நீட்டினாள்.

வாரத்தின் கடைசி நாள். ஈரோடு முடிந்து அவர் மறுபடியும் திருப்பூர் ரூட்டுக்கு வந்திருந்தார். ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தோம். நான் நடுவில். டின் சத்தம் தூரத்தில் கேட்டது. "நீங்க எல்லாம் மண்ணுல எறங்கிக்கோங்க, நான் போறேன்" என்றேன். கடைசியில் வந்த அக்கா, "போடி, உன்னைய மட்டும் உட்டுப்போட்டு நாங்க நின்னு வேடிக்கை பாக்கறமா? மிதி" என்றாள். யாரும் இறங்கவில்லை. நான் ஒருத்தி போட்ட பந்தயத்துக்கு இப்போது ஐந்து பேர் ரோட்டில் இருந்தோம்.

கடகடவென்று வந்த சத்தம் பாலத்தை நெருங்கியது. அங்கே அது மாறியது. இடைவெளி விட்டுக் கேட்டது. கட, கட, என்று தனித்தனி டின் குலுங்குவது காதில் விழுந்தது. பின்னால் வெளிச்சம் விழுந்து, எங்கள் சக்கரங்களின் நிழல் ரோட்டில் நீளமாகப் போனது. லாரி நடக்கிற வேகத்துக்கு வந்து, ரோட்டின் நடுவுக்கு நன்றாக ஒதுங்கி, ஐந்து பேரையும் தாண்டிப் போனது. ஹாரன்கூட அடிக்கவில்லை. அது போனதும் நாங்கள் போட்ட கூச்சலில் எங்கோ நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் சைக்கிள் மிதித்ததில்லை.

வீட்டில் அவர் கைகால் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் பிடித்தபடியே நின்றேன்.

"தெரிஞ்சுதுங்களா மாமா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கமே தெரிஞ்சுது."

"அப்ப சைக்கிள்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "அவ்வளவு தொலைவுலயே தெரிஞ்சுதுன்னா, அப்புறம் ஏனுங்க கடைசி வரைக்கும் மெதுவா உருட்டிக்கிட்டே வந்தீங்க? மத்த நாளெல்லாம் அப்படி வரமாட்டீங்களே?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் கால்களைப் பார்த்தார்.

"பத்துக் காலு ஏறி எறங்குது. அதுல எது உன்ற காலுன்னு எனக்கெப்படித் தெரியும் கண்ணு? எல்லாமே நம்மூட்டுப் புள்ளைகன்னு நெனச்சு ஓட்டிட்டு வந்தேன்."

நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டேன். காலில் இருந்ததைக் கழற்ற மனசு வரவில்லை. அதோடேயே உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டேன்.