பிரேக் அக்காவின் ஆமை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் கால் பிரேக்கைத் தேடும். அந்தப் பயிற்சிப் பள்ளியின் ஒரே பெண் ஆசிரியைக்கு அது முற்றிப்போயிருந்தது. பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தாலும் மிதிப்பாள், சினிமாவில் யாராவது வேகமாகப் போனாலும் மிதிப்பாள். படிக்க வருகிறவர்கள் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

உண்மையில் அவளை அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான், அவளுடைய தம்பி. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி, வீட்டுப்பாடம் எழுத வைத்து, காய்ச்சல் வந்தால் கூடவே விழித்திருந்து வளர்த்தவள் அவள். வேலை கிடைத்ததும் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். செருப்புக்கடை மாடியில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் அவள் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"வேலை எப்படிப் போகுது?"

"போகுது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லக்கா. வைக்கட்டுமா?"

சண்டையில்லை, மனஸ்தாபமில்லை. பேச்சு மட்டும் வாராவாரம் தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் இந்த போனும் நின்றுவிடும் என்று அவள் பயந்தாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அவன் ஒருவன்தான். அதை அவனிடம் சொல்லவா முடியும்?

ஒரு ஞாயிறு, போனுக்குப் பின்னால் இரைச்சலும் உறுமலும் கேட்டன.

"என்னடா சத்தம்?"

"கேம்க்கா. விதவிதமான மிருகங்களப் பிடிச்சு வளர்த்து, அடுத்தவங்க மிருகத்தோட மோத விடணும். உனக்குப் புரியாது."

பணி ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் பின்பக்கமாக வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்தவள் அவள். அவளிடம் போய்ப் புரியாது என்றால் விடுவாளா? அன்றைக்கே தன் போனிலும் அந்த கேமை ஏற்றிக்கொண்டாள். போனில் பேசிக்கொண்டே எதிரெதிராக ஆடலாம் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் பார்க்க அழகாக இருந்த ஒரு பறவையைப் பிடித்து, 'மகாராணி' என்று பெயர் வைத்தாள். ஒரு மிருகத்துக்கு நான்கு வித்தைகள்தான் வைக்கலாம். பலம் அதிகம் என்று போட்டிருந்த நான்கையும் பொறுக்கியெடுத்து அதன் தலையில் கட்டினாள். தம்பியிடம் நெருப்புப் பல்லி ஒன்று இருந்தது. அவன் அதை 'ரவுடி' என்பான். ரவுடி ஒரே மூச்சில் மகாராணியைச் சுருட்டி மூலையில் போட்டது.

"அவ்ளோதானா?" என்றாள் அவள்.

"அவ்ளோதான்க்கா. வைக்கட்டுமா?"

தோற்றது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஏன் தோற்றோம் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. அவ்வளவு பலமுள்ள நகக்கீறல் ரவுடியின் மேல் பட்டும் அதற்கு ஏன் வலிக்கவே இல்லை? மறுநாள் லைசென்ஸ் தேர்வு மைதானத்தில், தன்னிடம் படித்தவர்கள் வரிசையில் நின்று நகம் கடித்துக்கொண்டிருக்க, அவள் காருக்குள் உட்கார்ந்து மகாராணியின் பலங்களை எண்களாகக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். உயிர், வேகம் என்று இரண்டு எண்கள் இருந்தன, அவை புரிந்தன. ஆனால் தாக்குதலுக்கு மட்டும் ஏன் இரண்டு எண்கள்? தற்காப்புக்கும் ஏன் இரண்டு?

கேட்டால் தம்பி சொல்லியிருப்பான். கேட்க மனம் வரவில்லை. கேமின் காட்டில் திரிகிற ஒரே வகை எலியைத் தேடித் தேடிப் பிடித்து, ஒன்றை நகத்தால் கீறினாள், இன்னொன்றின் மேல் காற்றை ஏவினாள். நகம் கீறிய எலி ஓடியாடிக்கொண்டிருந்தது. காற்று பட்ட எலி மல்லாந்துவிட்டது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கையாலும் பல்லாலும் அடிக்க ஒரு பலம், நெருப்பு காற்று மாதிரி மாயத்தால் அடிக்க இன்னொரு பலம். மகாராணி மாயத்தில்தான் கெட்டி, உடம்பில் ஒன்றுமில்லை. அதைப் போய் நகத்தால் கீற வைத்திருக்கிறாள்!

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு உரக்கச் சிரித்தாள். தேர்வுக்காக நின்றிருந்த ஒருவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு மகாராணி புது வித்தைகளோடு இறங்கி, ரவுடி வாயைத் திறப்பதற்குள் அதைக் கவிழ்த்துவிட்டது.

"அட! பின்னிட்டியேக்கா!" என்றான் தம்பி. அவன் குரலில் அப்படியொரு குஷியைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "சரி, வைக்கட்டுமா?"

போன் அடங்கிய பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றாலும் ஜெயித்தாலும், ஆட்டம் முடிந்ததும் போனை வைத்துவிடுகிறான். ஜெயித்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கு வேண்டியது ஜெயிப்பதல்ல, அவன் போனை வைக்காமல் இருப்பது. அப்படி நினைத்ததும் எல்லா எண்களும் அவளுக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன.

அந்த வாரம் முழுக்க, யாரும் சீந்தாத மிருகங்களாகத் தேடினாள். பாசி படிந்த ஆமை ஒன்று கிடைத்தது. வேகம் படுமோசம், தாக்குதல் அதைவிட மோசம். ஆனால் உயிர் மலைபோல இருந்தது. கையால் அடித்தால் அசையாது, மாயத்தால் அடித்தால்தான் தடுமாறும். அதற்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தாள். ஓட்டைக் கெட்டியாக்க ஒரு வித்தை, போன உயிரில் பாதியைத் திரும்ப ஏற்ற ஒன்று, எதிரியைத் தூங்க வைக்க ஒன்று, மெல்ல மெல்லக் கொல்லும் விஷம் ஒன்று. அடிக்கிற வித்தை மருந்துக்கும் கிடையாது. இத்தனை நாள் வெறும் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அக்கா, இது ஆட்டமா, பல்லு டாக்டர் கிளினிக்கா? உட்கார்ந்தா எந்திரிக்கவே முடியல!" என்று தம்பி கத்தினான்.

"முடிஞ்சா உடைச்சுக் காட்டு."

"மறுபடியும் உயிர ஏத்திட்ட! மனசாட்சியே இல்லையா உனக்கு?"

ரவுடி தூங்கி விழித்து, மூட்டை அடி வாங்கி எழுந்து, ஆட்டம் ஜவ்வாக இழுத்தது. சும்மா எவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருக்க முடியும்? நடுநடுவே அவன் பேச ஆரம்பித்தான். குளியலறைக் குழாய் சொட்டுவதையும், எதிர்வீட்டு நாய் தன்னைக் கண்டால் மட்டும் குரைப்பதையும், புது மேனேஜர் மூக்கால் பேசுவதையும் சொன்னான். மேனேஜர் மாதிரியே பேசியும் காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாராவாரம் மூட்டை அவளுக்குத் தம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு ஒரு ஞாயிறு அவன் குரல் சரியாக இல்லை. கேட்டதற்குத் தூக்கம் வருகிறது என்றான். ஆட்டத்தில் மட்டும் ஆவேசமாக இருந்தான். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு மிருகங்கள்; மகாராணி விழுந்துவிட்டது, அவனுடைய முதல் மிருகமும் மூட்டையை நன்றாக அடித்துவிட்டு விஷத்தில் சாய்ந்தது. ரவுடி புதிதாக இறங்கி, அடி எதுவும் படாமல் முழு உயிரோடு நின்றது. மூட்டைக்கு மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ரவுடியின் நெருப்பு ஒரு மூச்சில் மூட்டையின் பாதி உயிரைக் குடிக்கும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வேகத்திலும் ரவுடிதான் முந்தும். கதை முடிந்தது என்று நினைத்தாள்.

ரவுடி நெருப்பைக் கக்கவில்லை. வெறுமனே உறுமியது.

கை தவறி அழுத்தியிருப்பானா? படிக்கிறவர் பிரேக் பிடிக்கிறாரா என்று பார்க்க, அவள் சில சமயம் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பாள். இப்போதும் அதையே செய்தாள். உயிரை ஏற்றாமல், ஏற்கெனவே கெட்டியாகியிருந்த ஓட்டை மறுபடியும் கெட்டியாக்கினாள். அந்த ஓடு கையடியைத்தான் தடுக்கும், நெருப்புக்கு முன்னால் எதற்கும் உதவாது. அடிடா பார்க்கலாம் என்று கழுத்தை நீட்டியதற்குச் சமம் அது.

ரவுடி தன் உயிரை ஏற்றிக்கொண்டது. ஏற்கெனவே முழுசாக இருந்த உயிரை.

"டேய்" என்றாள். "நெருப்ப விட்டிருந்தா மூட்டை செத்திருக்கும்."

"ம். மாத்தி அழுத்திட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

போனில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. "அடிச்சா ஆட்டம் முடிஞ்சிடும்லக்கா" என்றான்.

இவ்வளவு நாளும் தான் ஒருத்திதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். திரையின் மூலையில், இதுவரை அவள் தொட்டே பார்க்காத ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினாள். அவள் சரணடைந்துவிட்டதாகவும், அவன் ஜெயித்துவிட்டதாகவும் இரண்டு போன்களிலும் எழுத்து வந்தது.

"ஐயோ, ஏன்க்கா?" என்று அவன் பதறினான். "முடிஞ்சிடுச்சே!"

"ஆட்டம் கிடக்கட்டும்டா" என்றாள் அவள். "நான் போன வைக்கல. என்ன ஆச்சு, சொல்லு."

அவன் அழ ஆரம்பித்தான். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் அழுது முடித்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.