அண்ணை உடைத்த தோட்டாக்கள்

எனக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் அது லேசில் இறங்காது. "உங்களுக்குக் கறுவம் கூட" என்பாள் மனைவி. இருக்கட்டுமே. கறுவுகிற அளவுக்கு எனக்கு ஒருவர் செய்துவிட்டுப் போனார் என்பதை அவளும் மறுக்க மாட்டாள்.

ஹம்பேர்க்கின் ஓரத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் நாங்கள் இரண்டு தமிழர். ஒன்று நான். மற்றவர் என்னைவிட நன்றாக மூத்த ஓர் அண்ணை. மனதுக்குள் அவரை 'அவன்' என்றுதான் சொல்லிக்கொள்வேன். அச்சில் வருவதால் 'அவர்' என்று எழுதுகிறேன். இருவருக்கும் ரிவால்வர்தான். இருவரும் பரீட்சை எழுதி, அனுமதி வாங்கி, வீட்டுக் கெல்லரில், அதாவது நிலவறையில், தோட்டாக்களை நாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள்.

சுட்டு முடிந்த வெற்றுக் கோதைக் கழுவி, மேசையில் பூட்டிய கைப்பிரெஸ்ஸில் கொடுத்து அளவுக்கு இறுக்கி, அடியில் தட்டினால் பொறி தரும் புதுக் கேப் வைத்து, தராசில் நிறுத்த வெடிமருந்தை ஊற்றி, மேலே பாய்ந்து போகும் குண்டான சன்னத்தை வைத்து அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ரிவால்வர் கோதுக்குள் போகும் மருந்து அடியில் ஒரு சிட்டிகை. ஊற்ற மறந்தாலும் தெரியாது, இரண்டு தரம் ஊற்றினாலும் வழியாது. சன்னத்தை வைத்து மூடிவிட்டால் கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால் மருந்து ஊற்றும்போது பேச்சு இல்லை, ரேடியோ இல்லை, அறையில் இன்னொரு ஆளும் இல்லை. எந்த ஜெர்மன்காரனும் அந்த நேரம் வாசலில் வந்து நிற்கமாட்டான். வந்தாலும் "இப்ப ஏலாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்தலாம்.

அண்ணையிடம் அதை எப்படிச் சொல்வது? மாவட்டப் போட்டிக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம், நான் மருந்து ஊற்றிக்கொண்டிருக்க, படியிறங்கி வந்துவிட்டார்.

"இஞ்சால வந்தனான் தம்பி. உன்னையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு. நீ உன்ர வேலையைப் பார், நான் சும்மா இருக்கிறன்."

சும்மா இருந்தாரா? கோயில் நிர்வாகச் சண்டை, மருமகன் வாங்கிய வீடு, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் முருங்கைக்காய் விற்கிற விலை என்று தொடங்கியவர் வாயை மூடவில்லை. நானும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று தலையாட்டியபடி ஊற்றினேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் போனபின், "வேலையா இருக்கிறனெண்டு சொல்லியிருக்கலாமே?" என்றாள். வீட்டுக்கு வந்த மூத்த மனிதரை எழும்பிப் போங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போட்டியன்று நான் விசையை அழுத்த, வெடிக்குப் பதில் 'பொத்' என்று ஒரு சத்தம். மருந்தில்லாத தோட்டா. கேப் மட்டும் வெடித்து, சன்னம் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடித்திருக்கும். சுடுகளப் பொறுப்பாளர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அத்தனை பேருக்கும் முன்னால் பித்தளைக் கம்பியால் தட்டித் தட்டி அந்தச் சன்னத்தை எடுத்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

அப்போதுதான் அண்ணை முன்னால் வந்தார். தான் இருந்து கதைத்ததைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நல்ல ஜெர்மனில் எங்கள் அணித் தலைவரிடம் சொன்னார்: "இவர் வேலை செய்யிறதை நான் நேரில பாத்தனான். ஆள் நல்ல ஆள். கவனம்தான் கொஞ்சம் காணாது."

நாசமாய்ப் போனவன்! அடுத்த கிழமையே அணியில் என் இடம் போயிற்று. அந்த இடத்துக்கு வந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? நான் தோட்டா நிரப்பிய இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான் பிழையாய்ப் போனது. அதற்குப் பிறகு களத்தில் எனக்குப் பக்கத்துத் தடத்தில் நிற்கவே ஆட்கள் யோசித்தார்கள். அந்த இடத்தை அவரிடமிருந்து பிடுங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வழி எனக்குத் தெரிந்திருந்தது. தோட்டா நிரப்புகிறவனைக் கவிழ்க்க ஒரு சந்தேகம் போதும். பெட்டியில் ஒரு தோட்டாவில் துப்பாக்கியையே வெடிக்க வைக்கும் இரட்டை மருந்து இருக்கலாம் என்று மனதில் விழுந்துவிட்டால், பைத்தியக்காரன்கூட அந்தப் பெட்டியிலிருந்து சுடமாட்டான். நிறுத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க ஏலாது. அண்ணை களத்தில் கிடக்கும் கண்ட நின்ற கோதையெல்லாம் பொறுக்குகிறவர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாரம். எல்லாவற்றையும் உடைத்தே ஆகவேண்டும்.

பிராந்தியப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் பின்னேரம் ரோல்ஸும் வடையும் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நினைத்தபடியே கெல்லரில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி, வா. இரு." அவராலும் போ என்று சொல்ல முடியவில்லை பாருங்கள்!

இருந்தேன். கதைத்தேன். கோயில் நிர்வாகத்தைத் தொட்டேன், பற்றிக்கொண்டது. அவர் ஒரு கையில் வடையும் மறு கையில் மருந்துமாக, கோயிலின் போன தலைவரைத் திட்டித் தீர்த்தார். கோதுகளுக்குள் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அதையும் மறந்தார். கடைசிச் சன்னத்தை அமுக்கி, எல்லாவற்றையும் பெட்டியில் கொட்டி மூடும்வரை பொறுத்திருந்தேன்.

"அண்ணை, நடுவில ஒரு கோதுக்கு ரெண்டு தரம் ஊத்தினியளோ? எனக்கு அப்பிடித்தான் பட்டது."

பச்சைப் பொய். நான் அப்படி எதையும் பார்க்கவில்லை.

"எது?"

"அதுதான் தெரியேல்லை."

அவர் முகம் வெளிறியதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம் என்கிறீர்கள்! மருந்தும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, சனிக்கிழமை பின்னேரம் கடையும் இல்லை. தோட்டாவைத் தன் தலைப்பகுதிக்குள் பூட்டி, நிலத்தில் அடித்துச் சன்னத்தைக் கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்து, ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்கினார். டொக், டொக். கேப்புக்குப் பயந்து ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினார். நான் கால்மேல் கால் போட்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். ஒரு கை கொடுக்கக்கூட எழும்பவில்லை. கொட்டுகிற மருந்தை ஒவ்வொரு முறையும் தராசில் போட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. முக்கால்வாசி உடைந்திருக்கும்.

சட்டென்று கை நின்றது.

தராசுத் தட்டில் இருந்தது இரட்டை மருந்து. திரும்ப நிறுத்தார். அதேதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ர கண் போயிருக்கும் தம்பி. கை போயிருக்கும்."

நான் இருந்த கதிரையோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சத்தம் கேட்டு அண்ணையின் மனைவி ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். என் கதைதான் அந்த மருந்தை அங்கே ஊற்ற வைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். "புட்டு அவிச்சிருக்கிறன், சாப்பிடாமல் போகக்கூடாது" என்றாள். சாப்பிட்டேன்.

அண்ணை அங்கேயே, என் முன்னால், அணித் தலைவருக்குப் போன் எடுத்தார். தன்னிடம் தோட்டா இல்லை, இன்று இனி மருந்தைத் தொடவும் மாட்டேன், நாளைக்குத் தம்பியைப் போடுங்கள், அவனைப்போலக் கவனமான ஆளை நான் கண்டதில்லை என்றார். போட்டிக்கு என்னைத் தானே காரில் கூட்டிப்போனார். களத்தில் கண்ட ஒவ்வொருவனிடமும் கதையைச் சொன்னார். பக்கத்துத் தடத்தில் நிற்கத் தயங்கியவன் வந்து கை குலுக்கினான். மாவட்டப் போட்டியில் தான் சொன்னதைப் பற்றி மட்டும் அண்ணை ஒரு சொல் பேசவில்லை. மறந்தே போயிருப்பார், அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது.

அந்த இடத்தை நான் பிடுங்கியிருக்க வேண்டும். அவர் தூக்கித் தந்துவிட்டார். இனி அவரை எதிரி என்று சொன்னால் என் மனைவிகூடச் சிரிப்பாள்.

சுட்டேன். கோபத்தில் நன்றாகவே சுட்டேன். முதலில் கைதட்டியது அவர்தான்.