அரை நிமிடத் தாமதம்

மணி அடித்தபோது லாத்தாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் சொல்ல வந்த சொல் பாதியில் நின்றுபோயிற்று. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அரங்கம், பள்ளிகளுக்கான ரோபோட்டிக்ஸ் போட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நடுவர்கள். எங்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

லாத்தா என் பெரிய வாப்பாவின், அதாவது அப்பாவின் அண்ணனுடைய மகள்; அக்கா முறை என்பதால் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். நாகூரில் ஒரே பள்ளியில் அவள் பிளஸ் டூவும் நான் பத்தாவதும் படித்தோம். பள்ளியின் ரோபோட்டிக்ஸ் குழு என்பதே நாங்கள் இருவர்தான். வாய்க்காலில் கடல்நீர் ஏறினால், உப்பை உணர்ந்து மதகுப் பலகையைத் தானே இறக்கும் இயந்திரம் ஒன்றை அவள் செய்திருந்தாள். ஷார்ஜாவில் இருந்த பெரிய வாப்பா, பரீட்சை முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ் என்று முடிவு செய்திருந்தார். மாநிலச் சுற்றுக்குப் போனால் மட்டும் இஞ்சினியரிங் பற்றி யோசிக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தார்.

லாத்தாவுக்குத் திக்குவாய். ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டு, மூன்று நிமிடத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒத்திகையில் விளக்கம் மட்டுமே ஆறரை நிமிடத்துக்குக் குறையவில்லை. ஒருநாள் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் என்னைப் பார்த்து, “அவ பகுதியையும் நீயே பேசிடும்மா. மெஷினை அவ பாத்துக்கட்டும்” என்றார். லாத்தா தன் காகிதங்களை என் பக்கம் நகர்த்தினாள். “நீயே சொல்லு.” எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போட்டியன்று விளக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டேன். ஒரு நடுவர் இயந்திரத்தைக் குனிந்து பார்த்து, “உப்புத்தண்ணி பட்டும் அரை நிமிஷம் சும்மா நிக்குதே, ஏன்?” என்று கேட்டார். காற்றுக்கு ஓர் அலை உள்ளே வந்து திரும்பும்; அதற்கெல்லாம் பலகை ஏறி இறங்கினால் மோட்டார் எரிந்துவிடும். அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி லாத்தா புரோகிராம் எழுதிவைத்திருந்தாள். தஞ்சாவூருக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு அதைச் சொல்லவும் செய்தாள். வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நான் காதில் வாங்கவில்லை. “மோட்டார் ஸ்லோ சார், மாத்தணும்” என்றேன். அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்கும் நானே முந்திக்கொண்டேன். லாத்தா ஒருவழியாக “இ… இல்ல சார், அது…” என்று தொடங்கியபோதுதான் மணி அடித்தது.

‘இயக்கத்தில் தாமதம், குறை தெரிந்தும் திருத்தப்படவில்லை’ என்று மதிப்பெண் தாளில் எழுதியிருந்தார்கள். மாநிலச் சுற்றுக்கு நாங்கள் தேர்வாகவில்லை. திரும்பும் வழியில் லாத்தா அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்தாள். “நீ நல்லாத்தான் பேசுனே” என்றாள். பெரிய வாப்பாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த வருடமே நிக்காஹ் முடிந்து ஷார்ஜா போய்விட்டாள்.

நான் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என் பிழையைப் பற்றி அவளிடம் பேச எத்தனையோ தடவை நினைத்து, வேறு எதையோ பேசி போனை வைத்திருக்கிறேன். போன மாதம் வீடியோவில் அழைத்தபோது அவளுடைய ஏழு வயது மகள் பக்கத்தில் இருந்தாள். பள்ளியில் இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். எனக்குச் சொல்லிக்காட்டத் தொடங்கிய குழந்தை முதல் சொல்லிலேயே திக்கி நின்றது. நான் காத்திருந்தேன். லாத்தா காத்திருக்கவில்லை. குழந்தையின் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“விடும்மா, உன் பிரெண்டப் பேசச் சொல்லு. அவ சீக்கிரமா முடிச்சிடுவா.”

குழந்தை தலையாட்டியது.